முதல் சீசன்: பல பிரிவுக் கார் பந்தயத்தை வேலூரிலிருந்து பின்தொடர ஒரு வழிகாட்டி

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முதன்முறையாகக் கார் பந்தயம் பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, "யார் முதலில் போகிறார்?" என்பதுதான். பல பிரிவுக் கார்கள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் அதற்கு ஒரே பதில் கிடையாது. எல்லோருக்கும் முன்னால் பறக்கும் கார் ஒரு பிரிவின் முதல் கார். அதற்கு ஆறேழு கார்கள் தள்ளி வருவது இன்னொரு பிரிவின் முதல் கார். கூட்டம் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பழைய மாருதி எஸ்டீம், கடைசி வரிசையில் தனியாக வந்துகொண்டே தன் பந்தயத்தை வென்றுகொண்டிருக்கலாம்.

இது புரியாமல் எனக்கு ஒரு சீசன் முழுக்க வீணாகப் போனது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு நான்கு முறை போனேன். நான்கு முறையும் முன்னால் போன காரையே பார்த்துவிட்டு, "முதல் ஆள் தப்பித்துவிட்டான், இனி என்ன இருக்கிறது?" என்று பாதியிலேயே கிளம்பி வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் எத்தனை சண்டைகள் நடந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

சத்துவாச்சாரியில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஷெட்டுப் பையன்களோடு இரண்டு மூன்று கல்லூரி மாணவர்களும் என்னுடன் பந்தயத்துக்குக் கிளம்புகிறார்கள். அவர்களிடம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது டூரிங் கார்?

தெருவில் ஓடும் காரின் உடலை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டுவதுதான் டூரிங் கார் பந்தயம். சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு, ஓட்டுநரின் தலை வெளியே தெரியும் பார்முலா கார் வேறு. டூரிங் காருக்குக் கதவு உண்டு, கூரை உண்டு, ஆர்சி புத்தகத்தில் நாம் பார்க்கிற அதே பெயரும் உண்டு. உள்ளே மட்டும் எட்டிப் பார்த்தால் வேறு உலகம். பின் இருக்கை, தரை விரிப்பு, கதவுப் பலகை, ஸ்பீக்கர் எல்லாம் போய்விட்டிருக்கும். கூரை நசுங்காமல் இருக்க இரும்புக் குழாய்க் கூண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரை அசையவிடாத ஒற்றை இருக்கை, தோளிலும் இடுப்பிலும் தொடையிடையிலும் இறுக்கும் பெல்ட், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச்.

நம் ஷெட்டுக்கு எண்ணெய் மாற்ற வரும் வண்டியின் உடன்பிறப்பு அங்கே ஓடுகிறது என்பதுதான் எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் உள்ள ஆசைக்குக் காரணம். எந்தப் பாகம் எங்கே உடையும், பிரேக் எப்போது காயும் என்பது கையால் தொட்டுத் தெரிந்த விஷயம். எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்முலா கார் எனக்கு அந்த உறவைத் தருவதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் அமைத்துத் திறந்தது 1990-இல். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று இப்போது சொல்கிறார்கள். பழையவர்கள் வாயில் இன்னும் 'எம்எம்ஆர்டி', அதாவது மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்தான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே இதைவிடச் சிறியது. பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் காட்டிய கரிவரதன் 1995-இல் மறைந்தார். அவர் பெயரைத்தான் அந்தத் தடம் தாங்கியிருக்கிறது.

பிரிவுகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

தெற்கே சிவகங்கை, தூத்துக்குடி பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று அங்கே பிரிவு உண்டு. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை மோதவிடுவது நியாயம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். கார் பந்தயத்திலும் நியாயம் அதேதான். என்ஜின் எத்தனை சிசி, எவ்வளவு மாற்றம் செய்ய அனுமதி, குறைந்தபட்ச எடை என்ன என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், கார்கள் குறைவாக இருக்கும்போது இரண்டு மூன்று பிரிவுகளை ஒரே நேரத்தில், ஒரே தடத்தில் விட்டுவிடுகிறார்கள். கொடி ஒன்று, பந்தயம் மூன்று.

இந்திய தேசியக் கார் பந்தய சாம்பியன்ஷிப்பில் 'இந்தியன் டூரிங் கார்ஸ்', 'இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ்', 'சூப்பர் ஸ்டாக்' என்ற பெயர்களைக் காண்பீர்கள். இவை எல்லாம் டூரிங் கார் பிரிவுகள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால் சிசி கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்த ஆண்டு எந்தெந்தப் பிரிவு எதனோடு சேர்ந்து ஓடுகிறது என்பதை மட்டும் அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காரின் கதவிலோ முன் கண்ணாடியிலோ எண்ணுக்குப் பக்கத்தில் பிரிவின் அடையாளம் ஒட்டியிருக்கும். முதல் பயிற்சி ஓட்டத்தில் உங்களுக்கு ஒரே வேலைதான்: எண்ணையும் அடையாளத்தையும் சேர்த்துப் படித்து, எந்த எண் எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

சின்னப் பிரிவு என்றால் மதிப்புக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டனின் டூரிங் கார் சாம்பியன்ஷிப் 1958-இல் தொடங்கி 1990 வரை பல பிரிவுகளாகத்தான் ஓடியது. எந்தப் பிரிவில் வென்றாலும் புள்ளிகள் சமம். அதனால் 1986-இலும் 1987-இலும் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றவர் மிகச் சிறிய பிரிவில் டொயோட்டா கொரோலா ஓட்டிய கிறிஸ் ஹாட்ஜெட்ஸ். முன்வரிசையில் மற்றவர்கள் பெரிய என்ஜின்களோடு கர்ஜித்துக்கொண்டிருக்க, பின்னால் ஓடிய கொரோலா பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. 1989-இல் வாக்ஸ்ஹால் ஆஸ்ட்ராவில் ஜான் கிளேலேண்ட் வென்றதும் இப்படித்தான். 1991-இல் அவர்கள் ஒரே பிரிவாக மாற்றிவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கு எளிதாகிவிட்டது உண்மைதான். ஆனால் பழைய முறையில் இருந்த நியாயம் ஒன்று அதோடு போய்விட்டது என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் 1960-களில் காரின் விலையை வைத்தே பிரிவு பிரித்தார்கள். 1966-இல் அந்த மலைத் தடத்தில் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தது மினி கூப்பர். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 1970 முதல் நடக்கும் 24 மணிநேரப் பந்தயத்தில் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் இருபதுக்கும் அதிகமான பிரிவுகளில், 25 கிலோமீட்டர் நீளச் சுற்றில் ஒன்றாக ஓடுகின்றன.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி மூன்றாம் இடம் பிடித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. ஷெட்டில் ஒரு பையன் மொத்தப் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில் நம் ஆட்களுக்கு முன்னால் நிறைய கார் இருக்கிறதே, மூன்றாவது எப்படி?" என்று குழம்பினான். மூன்றாம் இடம் அவர்களுடைய பிரிவில். அவனை உட்காரவைத்து, பட்டியலில் பிரிவு என்ற நெடுவரிசையை மட்டும் விரலால் இழுத்துக் காட்டினேன். அதே பிரிவு எழுத்துகள் உள்ள வரிகளை மட்டும் எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. அன்றிலிருந்து அவனுக்கு எந்த முடிவுப் பட்டியலைப் படிக்கவும் நான் தேவைப்படவில்லை.

ஒரு பிரிவு, ஒரு கார்

சீசன் தொடங்கும் முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான முடிவு இது. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் ஒரு காரைத் தேர்ந்தெடுங்கள். சாம்பியனாக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், பிரிவில் நான்காவது ஐந்தாவதாக வருகிறவரைப் பிடித்துக்கொள்வது நல்லது. அவருக்கு முன்னாலும் ஆள் இருக்கும், பின்னாலும் ஆள் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

வேலூரிலிருந்து போவது

வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ரயிலை நம்ப வேண்டாம். காட்பாடியிலிருந்து சென்னை செல்லும் ரயில்பாதை அரக்கோணம், திருவள்ளூர் என்று வேறு வழியில் போய்விடும். புதிய பஸ் நிலையத்தில் சென்னை பஸ் ஏறி, பூந்தமல்லி வழியாகப் போகிறதா, ஸ்ரீபெரும்புதூரில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே இறங்கினால் பூந்தமல்லிப் பக்கம் போகும் டவுன் பஸ் கிடைக்கும். சொந்த வண்டியில் போகிறவர்கள் இரத்தினகிரி, ஆற்காடு, பாலாற்றுப் பாலம், வாலாஜா சுங்கச்சாவடி, காவேரிப்பாக்கம் என்று நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து, தான் பார்க்க வந்த பிரிவின் பந்தயம் காலையிலேயே முடிந்துவிட்டதை அறிந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார் பந்தயம் கிரிக்கெட் மாதிரி நாள் முழுக்க ஒரே ஆட்டம் இல்லை. ஒரே நாளில் பல பந்தயங்கள் அடுத்தடுத்து நடக்கும். ஒவ்வொன்றும் கால் மணி, அரை மணி நேரம்தான். எனவே நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்து, உங்கள் பிரிவின் தகுதி ஓட்டம் எத்தனை மணிக்கு, பந்தயங்கள் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் அனுமதி, டிக்கெட் விவரங்களையும் அந்தந்த ரவுண்டுக்கான (சீசனின் ஒவ்வொரு கட்டப் பந்தயத்துக்கான) அறிவிப்பில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், காதில் வைக்க நுரை அடைப்பான், கட்டுச்சோறு. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள் வெயிலைப் பற்றி அலட்சியமாக இருப்போம். ஆனால் தார்த்தடத்தின் ஓரத்தில் நிற்பது வேறு. கீழேயிருந்தும் சூடு ஏறும். குழந்தைகளை அழைத்துப்போனால் காதுக் கவசம் கட்டாயம்.

தகுதி ஓட்டத்தைத் தவறவிடாதீர்கள்

நம் மாவட்டத்துக் காளை விடும் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். வாடிவாசலில் இருந்து ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிடுவார்கள். வீதியின் அந்தக் கோடியில் கோடு. யாரும் எதனோடும் மோதுவதில்லை, நேரம்தான் எதிரி. நொடியின் பின்னத்தில் பரிசு போகும். தகுதி ஓட்டமும் ஏறக்குறைய இதே கதைதான். கார்கள் சேர்ந்தே தடத்தில் இருந்தாலும், ஒவ்வொருவரும் தேடுவது இடைஞ்சல் இல்லாத ஒரே ஒரு சுத்தமான சுற்று. அந்தச் சிறந்த சுற்றின் நேரத்தை வைத்துப் பந்தயத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகும்.

பல பிரிவு ஓடும்போது இதில் ஒரு நுட்பம் சேர்கிறது. சின்னப் பிரிவு ஓட்டுநர் தன் நல்ல சுற்றில் இருக்கும்போது பின்னாலிருந்து பெரிய பிரிவுக் கார் வந்துவிட்டால் வழிவிட வேண்டிவரும், நேரம் கெட்டுவிடும். பெரிய பிரிவுக்காரருக்கோ திருப்பத்தில் மெதுவான கார் குறுக்கே கிடந்தால் அந்தச் சுற்று போச்சு. ஆகவே யார் எப்போது பிட்டிலிருந்து, அதாவது தடத்தை ஒட்டி அணிகள் காரைக் கவனிக்கும் இடத்திலிருந்து, வெளியே வருகிறார் என்று கவனியுங்கள். அனுபவசாலிகள் கூட்டம் கலைந்த இடைவெளியைப் பார்த்துக் கிளம்புவார்கள்.

பந்தயத்தின்போது: நோட்டும் கடிகாரமும்

இனி வருவதுதான் நான் நெஞ்சாரச் சொல்ல விரும்புவது. ஒரு நாற்பது பக்க நோட்டும், நிறுத்துக்கடிகாரம் உள்ள கைப்பேசியும் போதும். எங்கே நிற்பது என்றால், நீண்ட நேர்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும் திருப்பம் தெரிகிற இடத்தில். திருப்பங்களுக்கு அங்கே சி1, சி2 என்று வரிசையாகப் பெயர் சொல்வார்கள். எதிரே ஒரு கம்பத்தையோ விளம்பரப் பலகையின் ஓரத்தையோ குறிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவின் முதல் கார் அதைத் தாண்டும்போது கடிகாரத்தை ஓடவிடுங்கள். உங்கள் கார் தாண்டும்போது நிறுத்துங்கள். எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி.

ஒரு பக்கம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1.8, 1.5, 1.1, 1.1, 0.6. ஐந்து சுற்றில் இடைவெளி மூன்றில் ஒன்றாகிவிட்டது. அடுத்த சுற்றில் முந்திவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆறாவது சுற்றில் 2.4. என்ன நடந்தது? கார் சறுக்கவில்லை, என்ஜின் மடங்கவில்லை. பெரிய பிரிவின் இரண்டு கார்கள் பின்னாலிருந்து வந்து, முன்னால் போனவரை நேர்பாதையில் தாண்டிவிட்டு, உங்கள் ஆளைத் திருப்பத்தின் நடுவில் தாண்டியிருக்கின்றன. திருப்பத்துக்குள் உட்புறக் கோட்டை விட்டுக்கொடுத்தவர் வேகத்தை இழந்தார். திருப்பத்தில் இழந்த வேகம் அடுத்த நேர்பாதை முழுக்க வட்டி கேட்கும். அந்த ஒரு வரியில் பல பிரிவுப் பந்தயத்தின் முழு ரகசியமும் இருக்கிறது. வேகமான கார் தன்னை எந்த இடத்தில் தாண்டும் என்று கண்ணாடியில் பார்த்தே கணக்குப் போட்டு, அது நேர்பாதையில் நடக்கும்படி ஒரு திருப்பத்துக்கு முன்பே தயார் செய்துகொள்கிறவர்தான் நல்ல ஓட்டுநர்.

எப்போது தாண்டுவார்கள் என்பதையும் கணக்கிடலாம். பெரிய பிரிவின் முதல் கார் ஒரு சுற்றை இரண்டு நிமிடத்திலும் சின்னப் பிரிவுக் கார் 2 நிமிடம் 12 நொடியிலும் முடிக்கிறது என்று வையுங்கள். சுற்றுக்கு 12 நொடி வித்தியாசம். பெரியது தன் பதினோராவது சுற்றை முடிக்கும் இடத்தில், சின்னது பத்தாவது சுற்றை முடித்துக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே கோட்டில். குறுகிய பந்தயங்களில் பெரும்பாலும் சின்னப் பிரிவின் கடைசிக் கார்களுக்குத்தான் இந்தத் தொல்லை வரும். நீண்ட பந்தயம் என்றால் இதுவே முழுக் கதையும்.

நிற்கும் இடத்திலிருந்து இன்னொன்றையும் பாருங்கள். முன்சக்கர இயக்கமுள்ள டூரிங் கார் பிரேக் பிடித்துத் திருப்பத்துக்குள் நுழையும்போது எடை முழுக்க முன்னாலும் வெளிப்புறத்திலும் சாயும். உட்புறப் பின்சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பி, அந்தரத்தில் மெல்லச் சுழன்றபடியே திருப்பத்தைக் கடக்கும். முதல் தடவை பார்க்கிறவர் கவிழ்ந்துவிடும் என்று பதறுவார். பதறத் தேவையில்லை, அந்தக் கார்களை அப்படி ஓடும்படிதான் அமைக்கிறார்கள். பின்பகுதி இலகுவாக இருந்தால் கார் மூக்கைத் திருப்ப மறுக்காது. ஆனால் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு என்று எல்லா வேலையும் முன் டயர் இரண்டின் தலையில் விழுகிறது. பந்தயத்தின் கடைசிச் சில சுற்றுகளில் கார் திருப்பத்தின் வெளிப்பக்கமாக அகன்று அகன்று போவதைக் காண்பீர்கள். முன் டயர் சூடேறிப் பிடி இழந்துவிட்டது என்று அர்த்தம். தொடக்கத்தில் அடக்கி ஓட்டியவர் இப்போதுதான் முந்துவார். நோட்டில் இடைவெளி எண்ணுக்குப் பக்கத்தில் 'அகலம்' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் பின்னால் படிக்கும்போது எல்லாம் விளங்கும்.

கொடிகளைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சள்: ஆபத்து, முந்தக் கூடாது. பச்சை: தடம் தெளிந்தது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: எண்ணெயோ தண்ணீரோ, வழுக்கும். சிவப்பு: பந்தயம் நிறுத்தம். கறுப்பில் ஆரஞ்சு வட்டம், கூடவே கார் எண்: உன் வண்டியில் கோளாறு, பிட்டுக்கு வா. கட்டம் போட்டது: முடிந்தது. நமக்கு முக்கியமானது நீலம். வேகமான கார் பின்னால் வருகிறது, இடம் கொடு என்று பொருள். பல பிரிவுப் பந்தயத்தில் நீலக் கொடி ஓயாமல் ஆடும். நீலம் கண்டவர் திடீரென்று ஒதுங்கக் கூடாது. தன் கோட்டிலேயே நிலையாகப் போக வேண்டும், தாண்டுகிறவர் தன் வழியைத் தேடிக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் விலகினால்தான் விபத்து.

முடிவை உடனே நம்பாதீர்கள்

கொடி விழுந்தவுடன் முடிவு முடிவாகிவிடுவதில்லை. கார்களை ஒரு அடைப்புக்குள் நிறுத்தி, யாரும் தொடவிடாமல் சோதிப்பார்கள். ஓட்டுநரோடு சேர்த்து எடை போடுவார்கள். என்ஜின் முத்திரை, டயர், தரையிலிருந்து உயரம் எல்லாம் பார்ப்பார்கள். என் இரண்டாவது சீசனில் நான் பிடித்துக்கொண்டிருந்த கார் தன் பிரிவில் முதலில் வந்தது. வீட்டுக்குப் போன் செய்து சொல்லி, பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆற்காடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம். மறுநாள் முடிவுப் பட்டியலில் அந்த எண்ணே இல்லை. எடையில் சில கிலோ குறைவு. வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தத் தராசு இல்லாவிட்டால் பிரிவு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. அன்றிலிருந்து நோட்டில் இடத்தைப் பென்சிலால் எழுதி, இறுதி முடிவு வந்த பிறகே பேனாவால் எழுதுகிறேன்.

சீசன் என்பது கூட்டல் கணக்கு

ஒரு பந்தயம் பார்த்தவருக்கு வென்றவர் பெரியவர். சீசன் பார்த்தவருக்குக் காரைத் தவறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பெரியவர். உலகில் பல இடங்களில் உள்ள 25, 18, 15 என்ற புள்ளி முறையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆறு பந்தயம். ஒருவர் நான்கில் வென்று இரண்டில் கார் நின்றுபோகிறது: 100 புள்ளி. இன்னொருவர் ஒன்றில்கூட வெல்லாமல் ஆறிலும் இரண்டாவது வருகிறார்: 108. பட்டம் இவருக்கு. நம் சாம்பியன்ஷிப்பின் அந்த ஆண்டுப் புள்ளி முறையை விதித்தாளில் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் கார்கள் மிகக் குறைந்தால் புள்ளி குறைப்பு உண்டா, வென்றவருக்கு அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடை ஏற்றுவார்களா, இரண்டாவது பந்தயத்துக்கு முன்வரிசையைத் திருப்பிப்போடுவார்களா என்ற மூன்றையும் பாருங்கள். கூடுதல் எடை உள்ள தொடரில், போன முறை எளிதாக வென்றவர் இந்த முறை திணறுவதைக் கண்டு "ஆள் சரியில்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

செட்டிபாளையத்தில் ஒரு ரவுண்டு வந்தால் ஒருமுறையாவது போய் வாருங்கள். கோவை எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும். சிறிய தடத்தில் கார்கள் நெருக்கியடித்து ஓடும். இருங்காட்டுக்கோட்டையின் நேர்பாதையில் என்ஜின் பலத்தால் தப்பியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். ஆண்டின் பின்பகுதியில் ரவுண்டு வந்தால் வடகிழக்குப் பருவமழையும் ஒரு போட்டியாளர். ஈரத்தில் குதிரைத்திறன் அதிகம் உள்ள காருக்கு அதை முழுக்க இறக்க முடியாது. பிரிவுகளுக்கு இடையிலான தூரம் சுருங்கிவிடும். மழைக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், குடையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஒரு சீசன் முடிவதற்குள் சிலருக்குப் பார்ப்பது போதாது என்றாகிவிடும். பணம் இல்லாமல் உள்ளே போக நல்ல வழி மார்ஷல் பணி. கொடி காட்டுவதும், சறுக்கி நின்ற காரை ஓரங்கட்டுவதும், தீயணைப்பானோடு காத்திருப்பதும் தன்னார்வலர்கள்தான். கிளப்பைக் கேட்டால் பயிற்சி எப்போது என்று சொல்வார்கள். திருப்பத்தில் வேலிக்கு உட்புறம் நிற்கும் உரிமை வேறு யாருக்கும் கிடைக்காது. அதற்கு ஈடாக நாள் முழுக்க வெயிலில் கவனம் சிதறாமல் நிற்க வேண்டும். விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர்கள் போக வேண்டாம். ஒரு மஞ்சள் கொடி இரண்டு நொடி தாமதமானால் ஒருவர் உயிர் போகலாம்.

மெக்கானிக் தொழில் தெரிந்த பையன்களுக்கு அணிகளில் இடம் உண்டு. சென்னை, கோவை, பெங்களூரு அணிகள் பந்தய நாட்களுக்குக் கூடுதல் ஆட்களைத் தேடும். நேராகப் போய்க் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் பந்தயத்துக்கு முன் அரை மணி நேரத்தில் போய்க் கேட்காதீர்கள். மாலையில், கார்களை லாரியில் ஏற்றும் நேரத்தில் ஒரு கை கொடுத்துவிட்டுக் கேளுங்கள். என் ஷெட்டிலிருந்து போன ஒரு பையனுக்கு முதல் நாள் கொடுத்த வேலை சக்கர நட்டுகளை முறுக்குமானியால் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் பெயின்ட் பேனாவால் கோடு இழுப்பது. நாள் முழுக்க அது மட்டும்தான். மாலையில் அவன் கையில் இருந்த வெள்ளைக் கோடுகளைக் கழுவ மனமில்லாமல் பஸ்ஸில் ஏறினான்.

ஓட்டவே வேண்டும் என்கிறவர்கள் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எப்எம்எஸ்சிஐ வழங்கும் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், அங்கீகாரம் பெற்ற பந்தயப் பள்ளியில் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. தீப்பிடிக்காத உடை, அனுமதி பெற்ற ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் கவசம் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். செகண்ட்ஹேண்டில் காரின் பல பாகங்களை வாங்கலாம், ஹெல்மெட்டை வாங்கக் கூடாது. நெடுஞ்சாலையில் பயிற்சி எடுக்கிறேன் என்று பள்ளிகொண்டா பக்கம் வண்டியை விரட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே மஞ்சள் கொடி காட்ட யாரும் இல்லை, எதிரே வருகிறவருக்குக் கூண்டும் இல்லை.

முதல் ரவுண்டுக்குப் போவதற்கு முன் நோட்டின் முதல் பக்கத்தை இப்படித் தயார் செய்யுங்கள். மேலே தேதி, தடத்தின் பெயர், வானிலை. அதன் கீழே உங்கள் பிரிவில் ஓடும் கார்களின் எண்கள், ஓட்டுநர் பெயர்கள். உங்கள் காரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வலப்பக்கம் சுற்று ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வெறும் கட்டங்கள். பென்சிலை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் ஒன்று கட்டாயம் கீழே விழும்.